வேலப்பன் நம்பரும் பாவாயியின் மலைப் பக்கமும்

மலைமேல் இருக்கிற எடப்புளி நாட்டில், எங்கள் மேலக்காட்டுப்பட்டிக்கு பஸ் வந்து திரும்புகிற இடத்தில் ஒரு கடை இருக்கிறது. போர்டு கிடையாது. மண்வெட்டி, அரிவாள், கயிறு, மிளகு காயவைக்கிற தார்ப்பாய், மருந்தடிக்கிற டேங்க், அந்த டேங்குக்கு வேண்டிய வாஷர், காய்கறி விதை எல்லாம் அங்கே கிடைக்கும். கடை பாவாயி அக்காவுடையது. அவருக்கு நாற்பது வயது இருக்கும். கேட்டால் முப்பத்தெட்டு என்பார். நான் ஆறாவது படிக்கும்போதும் அதையேதான் சொன்னார். இப்போது நான் பள்ளிக்கூடத்தையே முடித்துவிட்டேன்.

நான் எழுதுவது அவரைப் பற்றி. ஒரு பத்திரிகை காகிதத்தை விட்டுவிட்டு செல்போனுக்குள் போனால், மலையில் இருக்கிறவர்களிடம் அது எப்படி வந்து சேருகிறது என்பதையும் கூடவே சொல்ல வேண்டியிருக்கிறது. படிக்கிறவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும். எங்களுக்கும் அது உடனே புரியவில்லை.

பாவாயி அக்கா பிறந்தது இதே ஊரில். பத்தாவது வரை ஹாஸ்டலில் தங்கிப் படித்தார். கட்டிக்கொடுத்ததும் இதே ஊரில்தான், மூன்று வீடு தள்ளி. அதனால் கல்யாணத்தன்று அழ வேண்டிய நேரத்தில் அவருக்கு அழுகை வரவில்லை. அதற்கு அவருடைய அம்மா இன்னும் திட்டுகிறார். கணவர் நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டுகிற பட்டறையில் வேலை செய்கிறார். பண்டிகைக்கு வருவார். வந்தால் தூங்குவார்.

நாமக்கல்லிலிருந்து 'பயிர்ச்சாளரம்' என்று ஒரு மாதப் பத்திரிகை வந்துகொண்டிருந்தது. விவசாயப் பத்திரிகை. பாவாயி அக்கா அதற்கு இந்தப் பக்கத்து ஏஜெண்ட். மாதம் பிறந்தால் பத்திரிகைக் கட்டு பஸ்ஸில் வரும். பஸ் நிற்பதற்கு முன்னாலேயே கண்டக்டர் அதைக் கடை வாசலை நோக்கி வீசுவார். பெரும்பாலும் வாசலில்தான் விழும். விற்பனை என்று பார்த்தால் சொற்பம். ஆனால் வாஷர் வாங்க வருகிறவர்கள், "அதுல இந்த மாசம் என்ன போட்டிருக்குது பாவாயி?" என்று கேட்பார்கள். அக்கா வாசித்துக் காட்டுவார். கேட்டு முடித்ததும் வாஷரை மறந்துவிட்டுப் போய்விடுவார்கள். பிறகு வாஷருக்காகத் திரும்பி வருவார்கள். வந்ததற்கு இன்னொரு கட்டுரை.

ஒரு நாள் அக்கா பத்திரிகைக்கு ஒரு கார்டு போட்டார். 'உங்கள் பத்திரிகையில் எல்லாப் பக்கத்திலும் போர்வெல் வருகிறது. எங்கள் ஊரில் போர்வெல் இல்லை. எங்களுக்கு என்ன சொல்கிறீர்கள்?' பத்திரிகையின் ஆசிரியரும் முதலாளியும் ரமேஷ்குமார் என்ற ஒருவரே. அவர் பதில் எழுதினார். 'நீங்களே சொல்லுங்கள்.'

அப்படித்தான் 'மலைப் பக்கம்' தொடங்கியது. மரவள்ளியைப் பன்றி தோண்டினால் என்ன செய்வது, மிளகுக் கொடி அடியிலிருந்து வாடினால் எதைப் பார்ப்பது, சாமை வாங்க வியாபாரி எந்தச் சந்தைக்கு வருகிறார், ஆட்டுக்குக் கழிச்சல் வந்தால் டாக்டர் வரும்வரை என்ன கொடுப்பது என்று மாதாமாதம் ஒரு பக்கம் எழுதினார். தெரியாததைத் தெரிந்தவர்களிடம் நடந்துபோய்க் கேட்டு எழுதுவார். பக்கத்தின் அடியில் 'பாவாயி, மேலக்காட்டுப்பட்டி' என்று அச்சில் வரும். அது முதல்முறை வந்த மாதம் ஒரு பிரதியை அவர் விற்கவில்லை. கேட்டு வந்தவரிடம் தீர்ந்துபோய்விட்டது என்றார். அந்தப் பிரதி அவர் பின்னாலேயே விதைப் பாக்கெட்டுகளுக்கு மேலே இருந்தது. வந்தவரும் அதைப் பார்த்துவிட்டு, சரி என்று போய்விட்டார்.

அந்தப் பக்கம் அவருக்கு ஏன் அவ்வளவு முக்கியம் என்று அவரே ஒருமுறை சொன்னார். "கடை இருக்கற எடம் மாமனாரு பேர்ல. காடு அவங்கப்பாரு பேர்ல, இன்னும் மாத்தவே இல்ல. ரேஷன் கார்டுல நான் மூணாவது. கரண்டு பில்லு செத்துப்போன மாமியா பேர்ல வருது. இந்த ஒரு பக்கந்தான் என் பேர்ல இருக்குது."

பிறகு காகித விலை ஏறியது. பத்திரிகை ஆப் ஆக மாறியது.

ஆப் என்றால் என்ன என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பத்திரிகை செல்போனில் வரும். படிக்கிறவர்கள் காசு கொடுக்க வேண்டாம். தங்கள் நம்பரைக் கொடுத்து, அதற்கு வருகிற ஓடிபியை அடித்துச் சேர வேண்டும். காசு கொடுப்பது கடைக்காரர்கள். தார்ப்பாய்க் கடை, பம்பு கடை, விதைக் கடை எல்லாம் ஆப்பில் விளம்பரம் போடுவார்கள். காகிதத்தில் போட்ட விளம்பரத்தை யார் பார்த்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. ஆப்பில் தெரியும். எந்த ஊர்க்காரர் எந்தப் பக்கத்தை எவ்வளவு நேரம் பார்த்தார் என்பதுவரை ஆபீஸில் தெரியும். மிளகு பற்றிப் படிக்கிறவருக்குத் தார்ப்பாய் விளம்பரம் காட்டலாம். கடைக்காரருக்கு அது பிடித்திருக்கிறது. யாரும் படிக்காத பக்கத்தில் கடைக்காரர் விளம்பரம் போடமாட்டார். விளம்பரம் இல்லாத பக்கத்தைப் பத்திரிகைக்காரர் வைத்திருக்கமாட்டார். விஷயம் இவ்வளவுதான்.

இந்த இடத்தில் வேலப்பனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் பாவாயி அக்காவின் பெரியப்பா மகன், அண்ணன் முறை. அவர் வீடு ஊரின் கடைசியில், மலை சரிந்து இறங்குகிற விளிம்பில் இருக்கிறது. எங்கள் ஊரில் எந்த செல்போனுக்கும் சிக்னல் கிடையாது. வேலப்பன் வீட்டுக் களத்தில் மட்டும், பலாமரத்துக்குத் தெற்கே நின்றால், அவர் வைத்திருக்கிற சிம்முக்கு மட்டும் கீழே சமவெளியில் இருக்கிற ஏதோ ஒரு டவரிலிருந்து சிக்னல் கிடைக்கும். மற்றவர்கள் வைத்திருப்பது வேறு கம்பெனி சிம். அது செம்மேட்டிலும் சோளக்காட்டுச் சந்தையிலும் நன்றாக வேலை செய்யும். ஊரில் அதை வைத்து டார்ச் அடிக்கலாம், பாட்டுக் கேட்கலாம்.

அதனால் ஊருக்கே வேலப்பன் நம்பர்தான். கேஸுக்கு அவர் நம்பர். பேங்குக்கு அவர் நம்பர். ரேஷனுக்கு, ஆஸ்பத்திரிச் சீட்டுக்கு, பள்ளிக்கூடத்தில் பிள்ளை சேர்க்கிற பாரத்துக்கு, எல்லாவற்றுக்கும் அவர் நம்பரைத்தான் கொடுப்போம். ஓடிபி வந்தால் அவர் களத்தில் நின்று கூப்பிடுவார். "யமுனா! உன்ற கேஸுக்கு வந்திருக்குது! நாலு, ஏழு, ஒம்பது, ஒம்பது!" எதிர்ச் சரிவில் களை எடுத்துக்கொண்டிருக்கிற யமுனா அதைத் திருப்பிச் சொல்வார். தப்பாகச் சொன்னால் நடுவில் இருக்கிற வீட்டுக்காரர்கள் திருத்துவார்கள். 'இந்த எண்ணை யாரிடமும் பகிர வேண்டாம்' என்று அந்தச் செய்தியின் கடைசியில் ஒரு வரி இருக்கும். ஒன்றையும் விடக்கூடாது என்று அதையும் வேலப்பன் சத்தமாக வாசித்துவிடுவார்.

ஆப் வந்ததும் பாவாயி அக்கா எல்லோரையும் அதில் சேரச் சொன்னார். எல்லோரும் வேலப்பன் களத்துக்குப் போனார்கள். அவர் செல்போனிலிருந்துதான் நெட் எடுக்க வேண்டும். நம்பரைக் கேட்ட இடத்தில், எப்போதும் போல, வேலப்பன் நம்பரை அடித்தார்கள். ஓடிபி பக்கத்திலேயே நின்ற வேலப்பனுக்கு வந்தது. அன்றைக்கு மட்டும் அவர் கத்த வேண்டியிருக்கவில்லை. இருந்தாலும் கத்தினார். சாயங்காலத்துக்குள் ஊரில் பாதி செல்போனில் பத்திரிகை இறங்கிவிட்டது. ஒருமுறை இறங்கிவிட்டால் சிக்னல் இல்லாமலே படிக்கலாம். அடுத்தடுத்த மாதமும் அப்படியே. பக்கத்துப் பட்டிக்காரர்களும் வந்தார்கள். 'இன்று மாலை மழைக்கு வாய்ப்பு' என்று ஆப் அனுப்புகிற செய்திகள் மட்டும், நாங்கள் சந்தைக்குப் போகிற நாளில் மொத்தமாக வந்து சேரும். போன வாரத்து மழையைப் பற்றி அவை சொன்னது பெரும்பாலும் சரியாகவே இருந்தது.

இப்படிச் சில மாதம் போன பிறகு, ஆபீஸிலிருந்து பாவாயி அக்காவுக்கு ஒரே நாளில் இரண்டு செய்தி வந்தது. இரண்டையும் அவர் சோளக்காட்டுச் சந்தையில் நின்று படித்தார்.

முதல் செய்தி: மலைப் பக்கத்துக்கு மலையிலிருந்து ஒரே ஒரு வாசகர்தான் இருக்கிறார். இந்த மாதம் முடிவதற்குள் இருநூறு வாசகராவது சேராவிட்டால் அந்தப் பக்கம் நிறுத்தப்படும்.

இரண்டாவது செய்தி: அந்த ஒரு வாசகர் தமிழ்நாட்டிலேயே அதிக நேரம் பயிர்ச்சாளரம் படிப்பவர். அவர் பெயர் அத்தாயி. வயது எழுபத்தொன்று. மிளகு, ஆடு, கிரிக்கெட், பட்டுச்சேலை, டிராக்டர், குழந்தை வளர்ப்பு ஆகியவற்றில் ஆர்வம் உள்ளவர். அவரைப் பாராட்டிச் சால்வை போர்த்திப் படம் எடுக்க ஆபீஸிலிருந்து ஆள் வருகிறார்.

அக்கா இரண்டையும் திரும்பப் படித்தார். எங்கள் ஊரில் அத்தாயி என்று ஒரே ஒருவர்தான். ஆடு மேய்க்கிறவர். படிக்கத் தெரியாது. கிரிக்கெட் என்றால் பேரன் திட்டு வாங்குகிற ஒரு காரியம் என்பதுவரை அவருக்குத் தெரியும்.

ஆபீஸிலிருந்து வந்தவர் பெயர் கோகுல். ஆப்பைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. மலை என்றதும் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வந்திருந்தார். அன்றைக்கு நல்ல வெயில். வளைவுகளில் ஏறும்போது மூன்று இடத்தில் பஸ்ஸை நிறுத்தி இறங்கினாராம். வந்ததும் கடை பெஞ்சில் உட்கார்ந்து, சால்வைப் பையை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டார்.

"எலுமிச்சம்பழம் மோந்து பாக்கறீங்களா?" என்றார் அக்கா.

"வேண்டாங்க மேடம். அத்தாயி அம்மா வீடு எங்க?"

"அது ஆட்டோட போயிருக்குமுங்க. நீங்க தேடற நம்பரு எங்கண்ணன் ஊட்டுல இருக்குது."

வேலப்பன் களத்தில் அதற்குள் கூட்டம் கூடிவிட்டது. சால்வை யாருக்கு என்று யாருக்கும் தெரியவில்லை என்றாலும், வேலப்பன் வெள்ளை வேட்டி கட்டியிருந்தார். கோகுல் தன் செல்போனைப் பார்த்து, அந்த வாசகரின் ஆர்வங்களை வாசித்துவிட்டு, நம்பரைச் சொன்னார்.

"என்னுதுதானுங்க" என்றார் வேலப்பன்.

"அப்ப நீங்கதான் படிக்கிறீங்களா? போன மாசம் மட்டும் மலைப் பக்கத்தை நூத்துக்கணக்கான தடவை திறந்திருக்கீங்க."

"நானா? எனக்கு ஏதுங்க நேரம்? ஓடிபி சொல்றதுக்கே பொழுது சரியாப் போகுது."

"நானு படிச்சனுங்க" என்றார் யமுனா.

"மொதல்ல படிச்சது நான்தானுங்க" என்றார் இளங்கோ. அவர் டிராக்டர் ஓட்டுகிறவர். "டிராக்டர் என்னுது, பட்டுச்சேலை இவங்களுது."

"அது தங்கச்சி கல்யாணத்துக்குப் பாத்தது. சும்மா இரு" என்றார் யமுனா.

அத்தாயி பெயர் எப்படி வந்தது என்பதும் அப்போது தெரிந்தது. கடைசியாகச் சேர்ந்தது அவருடைய பேரன். அவன் தன் செல்போன் ஆயாவுடையது என்று நியாயமாக அவர் பெயரையும் வயதையும் அடித்திருக்கிறான். ஒவ்வொருவர் சேரும்போதும் ஆப் முந்தையவர் பெயரை அழித்துப் புதுப் பெயரைப் போட்டுக்கொண்டு, ஆர்வங்களை மட்டும் சேர்த்துச் சேர்த்து வைத்திருந்திருக்கிறது.

கோகுல் ஸ்வெட்டரைக் கழற்றினார். "ஒரு நம்பருன்னா ஒரு ஆளு. அப்படித்தாங்க ஆப் எண்ணும். இங்க எத்தனை பேரு படிச்சாலும் ஆபீஸ்ல ஒருத்தர்தான்."

"எண்ணுறது தப்புன்னு ஆபீஸ்ல சொல்லுங்க" என்றார் அக்கா.

"நான் சொல்லலாங்க மேடம். கடைக்காரங்க நம்பணுமே. ராசிபுரத்துத் தார்ப்பாய்க் கடைக்காரரு என்னக் கேட்டாரு, 'எழுபத்தொரு வயசு அம்மா ஒருத்தருக்கு நான் எத்தனை தார்ப்பாய் விக்கிறது?'ன்னு." பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார். "வேணும்னா ஒண்ணு பண்ணலாம். எங்க ஆபீஸ்ல நிறைய நம்பர் இருக்கு. அதுல இருநூறை எடுத்து மலைன்னு மாத்திடறேன். பக்கம் தப்பிச்சுரும்."

"யாரு நம்பரு அது?"

"யார் யாரோ. திருச்செங்கோடு, கரூர்..."

"பன்னி மரவள்ளியைத் தோண்டறதை அவங்க படிச்சு என்ன பண்ணுவாங்க? வேண்டாங்க. இருக்கற ஆளுகளை நானே காட்டறேன்."

வழி எளிதுதான். சந்தை நாளில் சோளக்காட்டில் எல்லோருடைய சிம்மும் வேலை செய்யும். அங்கே வைத்து அவரவர் நம்பரில் மறுபடி சேர்ந்துவிட்டால் போதும். மாதம் முடிவதற்குள் ஒரு சந்தைதான் பாக்கி இருந்தது. கோகுல் அதற்கும் வருவதாகச் சொன்னார். போகும்போது சால்வையை என்ன செய்வது என்று தெரியாமல் வேலப்பனுக்கே போர்த்திவிட்டு, படம் எடுக்காமல் போனார்.

அக்கா நினைத்ததுபோல் அது நடக்கவில்லை. வீடு வீடாகப் போய்ச் சொன்னார். எல்லோரும் தலையை ஆட்டினார்கள். யாரும் சரி என்று சொல்லவில்லை.

இதை வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். எங்கள் ஊரில் ஒருவர் களத்தில் நெடுநாளாக மிளகு காயவைக்கிற ஒரு வீட்டார், ஒரு நாள் வேறு களத்துக்குப் போனால், சண்டை என்று அர்த்தம். உண்மையில் சண்டை ஒன்றும் இல்லாவிட்டாலும், என்ன சண்டை என்று நாலு பேர் கேட்டுக் கேட்டு, வார முடிவில் நிஜமாகவே சண்டை வந்துவிடும். வேலப்பன் நம்பரை விட்டுவிட்டுச் சொந்த நம்பரைக் கொடுப்பதும் அதேதான்.

"வேலப்பண்ணன் நம்பரை எடுத்துட்டு, நாளைக்குக் கேஸுக்கு எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு அவங்க களத்துல போயி நிக்கறது?" என்றார் யமுனா.

"பத்திரிகைக்கு மட்டுந்தான் யமுனா."

"இன்னைக்குப் பத்திரிகைம்ப. நாளைக்கு ரேஷனும்ப. அவரு மனசு நோகும் அக்கா."

வேலப்பனுக்கு மனசு ஏற்கெனவே நொந்திருந்தது. அக்கா அவர் வீட்டுக்குப் போனபோது சால்வையோடு உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி மாதம்மாள் பக்கத்தில் மரவள்ளிக் கிழங்கைத் தோல் உரித்துக்கொண்டிருந்தார்.

"என் நம்பருக்கு என்ன கேடு வந்துச்சு?" என்றார் வேலப்பன்.

"கேடு ஒண்ணுமில்லண்ணா. எல்லாரும் அதுக்குள்ள ஒரே ஆளா ஆயிட்டாங்க. பக்கத்தை நிறுத்தப் போறாங்களாம்."

"நிறுத்தட்டுமே. உன்ற பக்கத்துல வர்ற சேதியை நான் களத்துல நின்னு சொன்னா ஆகாதா? எவனாச்சும் எனக்குக் கேக்கலைன்னு சொல்லியிருக்கானா?"

"சொன்னா ஆகும். ஆனா அது நீ சொன்னதா இருக்கும்."

வேலப்பன் சால்வை நுனியை இழுத்துவிட்டுக்கொண்டார். அந்தப் பக்கத்துக்குக் கீழே இருக்கிற பெயர் யாருடையது என்பது இருவருக்கும் தெரியும்.

"ஊருக்கு ஒரு நம்பரு போதும்" என்றார் வேலப்பன் கடைசியில். "ஆளுக்கு ஒண்ணுன்னு ஆனா, யாருக்கு எது வந்துச்சுன்னு யாருக்கும் தெரியாது. அது நல்லதில்ல."

மாதம்மாள் கத்தியைக் கீழே வைத்தார். "பாவாயி, நீ இவருகிட்ட என்ன கேட்டுக்கிட்டு நிக்கற? எடுத்துக்கிட்டுப் போங்க. பத்திரிகையை மட்டுமில்ல, எல்லாத்தையும் எடுத்துக்கிட்டுப் போங்க."

"நீ சும்மா இரு" என்றார் வேலப்பன்.

"எதுக்குச் சும்மா இருக்கோணும்? ராசிபுரத்துல சுமித்ராவுக்குக் கொழந்தை பொறந்து, அது தவந்து, எந்திரிச்சு நடக்குது. இவரு இன்னும் போயிப் பாக்கல. பெத்த மக ஊடு. கேட்டா, நான் போயிட்டா ஊருக்கு யாரு ஓடிபி சொல்றதுங்கறாரு. கலெக்டரு கூட லீவு போடறாரு."

"போனை உன்கிட்டக் குடுத்துட்டுப் போனா, நீ எட்டை மூணுங்கற."

"கண்ணாடி வாங்கிக் குடுத்தா எட்டு எட்டாவே தெரியும். கண்ணாடி வாங்கவும் ராசிபுரந்தான் போவோணும்."

வேலப்பன் சால்வையை மடித்தார். பிறகு பிரித்து, மறுபடி மடித்தார். "புள்ள நடக்குதா?" என்றார்.

"ஓடுது" என்றார் மாதம்மாள்.

அந்த நேரம் செல்போன் சத்தம் கொடுத்தது. வேலப்பன் எழுந்து களத்தின் ஓரத்துக்குப் போய், இளங்கோவின் பேங்க் நம்பரைச் சத்தமாகச் சொல்லிவிட்டு, யாரிடமும் பகிர வேண்டாம் என்பதையும் சொல்லிவிட்டு, திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"பத்திரிகை மட்டுந்தான்" என்றார் தங்கையிடம். "கேஸும் பேங்கும் ஆஸ்பத்திரியும் என்கிட்டயே இருக்கட்டும்."

"இருக்கட்டும்ணா."

"அதையும் நானே சொல்றேன். நீ சொன்னா உன்னத் தப்பாப் பேசுவாங்க."

சந்தை நாளில் அக்கா, பலாப்பழம் விற்கிறவர்களுக்குப் பக்கத்தில் ஒரு தார்ப்பாயை விரித்து உட்கார்ந்தார். கோகுல் ஸ்வெட்டர் இல்லாமல் வந்திருந்தார். அன்றைக்குக் குளிர். வேலப்பன் அரிசி மூட்டை ஒன்றின் மேல் ஏறி நின்று, தன் களத்துக் குரலில் கூப்பிட்டார்.

"மேலக்காட்டுப்பட்டிக்காரங்க, பக்கத்துப் பட்டிக்காரங்க எல்லாரும் கேட்டுக்கங்க! பத்திரிகைக்கு அவங்கவங்க நம்பரைக் குடுங்க! எனக்கு வருத்தம் ஒண்ணுமில்ல! மத்ததுக்கெல்லாம் என்ற நம்பருதான்! எனக்கு வருத்தம் ஒண்ணுமில்ல!"

வருத்தமில்லை என்பதை அவர் அத்தனை முறை சொன்னதால் சிலருக்குச் சந்தேகம் வந்தது. நேராகப் போய்க் கேட்டார்கள். வருத்தமில்லை என்று சத்தம் போட்டு அனுப்பினார். அதற்குப் பிறகுதான் வரிசை நகர்ந்தது.

நகர்ந்ததும் அடுத்த சிக்கல். முக்கால்வாசிப் பேருக்குத் தங்கள் நம்பர் தெரியவில்லை. யாரும் கூப்பிடாத நம்பரை யார் ஞாபகம் வைத்துக்கொள்வார்கள்? வேலப்பன் நம்பரைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். அதனால் ஒவ்வொருவரும் முதலில் பாவாயி அக்காவுக்கு மிஸ்டு கால் கொடுக்க வேண்டும். அக்காவின் செல்போனில் வந்து விழுகிற நம்பரைப் பார்த்து, "இதுதான் உங்க நம்பரு" என்று கோகுல் அவர்களுக்கு அறிமுகம் செய்துவைப்பார். இளங்கோ தன் நம்பரைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்குது" என்றார்.

அத்தாயி ஆடு விற்க வந்திருந்தார். கூட்டத்தைப் பார்த்து வந்து, என்ன கொடுக்கிறார்கள் என்று கேட்டார். சொன்னதும், "எனக்குப் படிக்கத் தெரியாதே சாமி" என்றார் கோகுலிடம்.

கோகுல் அக்காவைப் பார்த்தார். இல்லாத ஆளைச் சேர்க்கக்கூடாது என்று சொன்னவர் அக்காதான்.

"நான் படிக்கல" என்றார் அத்தாயி. "பேரன் படிப்பான், நான் கேப்பேன். குட்டிக்குக் கழிச்சல் வந்தப்ப பாவாயி சொன்னதைத்தான் குடுத்தேன். ரெண்டு பொழைச்சுது, ஒண்ணு செத்துப்போச்சு. அதை உங்ககிட்டச் சொல்லோணும்னு இருந்தேன்."

"எழுதிக்கங்க தம்பி" என்றார் அக்கா. கோகுல் எழுதிக்கொண்டார். இந்த முறை அத்தாயி என்ற பெயரில் நிஜமாகவே அத்தாயி சேர்ந்தார். ஆர்வம் என்ற இடத்தில் ஆடு என்று மட்டும் போட்டார்கள்.

மதியத்துக்கு மேல் மழை பிடித்துக்கொண்டது. எல்லோரும் செல்போனைப் பாலிதீன் பைக்குள் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினார்கள். எண்ணிப் பார்த்தபோது இருநூறு வரவில்லை. இருபது பேருக்கு மேல் குறைந்தது. கரூர் நம்பர்களைப் பற்றி கோகுல் மறுபடி ஒரு வார்த்தை சொல்லிப் பார்த்தார். அக்கா தார்ப்பாயை உதறி மடித்துக்கொண்டே, "இருக்கறதை அனுப்புங்க" என்றார். பஸ்ஸில் வேலப்பன், வருத்தப்படாதே என்று அவரிடம் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார்.

மாதம் முடிந்தது. அடுத்த வாரம் கோகுல் வேலப்பன் நம்பருக்குக் கூப்பிட்டார். வேலப்பன் களத்திலிருந்து, "பாவாயி, பக்கம் நிக்குமாம்!" என்று கத்தினார். கடையில் இருந்த அக்காவுக்கு 'பக்கம் நிக்குமாம்' என்று கேட்டதா 'பக்கம் நின்னுபோச்சாம்' என்று கேட்டதா என்று சந்தேகம். வாஷர் டப்பாவைத் திறந்தபடியே விட்டுவிட்டு ஓடினார்.

நடந்தது இதுதான். பத்திரிகையில் ஒரு பக்கத்தை எடுத்தே ஆக வேண்டும் என்று முடிவாகியிருந்தது. இருநூறு ஆகாவிட்டாலும் மலைப் பக்கத்துக்கு ஆள் வந்துவிட்டதால் மற்ற பக்கங்களின் கணக்கையும் எடுத்துப் பார்த்தார்கள். நகரத்து வாசகர்களுக்காக நடத்துகிற 'மாடித் தோட்டம்' பக்கத்தை நூறு பேர்கூடப் படிக்கவில்லை என்று தெரிந்தது. அதற்கு ஏராளமான வாசகர் இருப்பதாக எல்லோரும் நம்பியதால் அதுவரை யாரும் பார்த்ததில்லை. அதை நிறுத்திவிட்டார்கள். ராசிபுரத்துத் தார்ப்பாய்க் கடைக்காரர், மலைப் பக்கம் படிக்கிறவர்கள் முக்கால்வாசிப் பேரும் மிளகுக்காரர்கள் என்று தெரிந்ததும், தன் விளம்பரத்தை மாடித் தோட்டத்திலிருந்து இங்கே மாற்றிக்கொண்டார். தார்ப்பாய் எங்கே கிடைக்கும் என்று அதில் பாவாயி அக்கா கடையையும் ஒரு வரி போட்டிருக்கிறார்கள். கடைக்குப் பெயர் இல்லாததால் 'பஸ் திரும்புமிடம்' என்று வருகிறது.

வேலப்பனும் மாதம்மாளும் ராசிபுரம் போனார்கள். அவர்கள் போயிருந்த நாட்களில் இளங்கோ வீட்டுக்கு கேஸ் வரவில்லை. வேறு ஒன்றும் ஆகவில்லை.

இப்போது படிக்கிறவர்கள் பக்கத்துக்குக் கீழே தங்கள் பெயரில் எழுதவும் செய்கிறார்கள். சந்தைக்குப் போகும்போது அதெல்லாம் போய்ச் சேரும். முதலில் வந்தது பக்கத்துப் பட்டி மாரி எழுதியது. மாரி பலாமரம் வைத்திருக்கிறவர். 'பாவாயி அவர்களுக்கு, போன சந்தைக்குப் பழம் எடுக்க லாரி வரும் என்று உங்கள் பக்கத்தில் போட்டிருந்தீர்கள். லாரி வரவில்லை. நாலு பழத்தைத் தலையில் சுமந்துகொண்டு போய் மூன்று பழத்தைத் திருப்பிச் சுமந்து வந்தேன். கழுத்து வலிக்கிறது. இப்படிக்கு மாரி.'

அக்கா அதைக் கடையில் இருந்தவர்களுக்கு வாசித்துக் காட்டினார். எல்லோரும் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. இன்னொருமுறை தனக்குள்ளே படித்தார். பிறகு கடையைச் சாத்திவிட்டு, லாரி ஏன் வரவில்லை என்று கேட்டுவர, மதிய பஸ்ஸில் ஏறிப் போனார்.